மலையகத்து ஈரத்தில் செம்மறி வளர்ப்பு

நுவரெலியா போன்ற உயர்மலைப் பகுதிகளில் செம்மறி வளர்க்க எண்ணுவோர், ஆட்டை வாங்குமுன் பட்டியைக் கட்டிவிட வேண்டும். ஏனெனில் இங்கே ஆட்டுக்குப் பெரும் பகை குளிரன்று, ஈரமே. தரையிலிருந்து மூன்றடி உயர்த்தி, சட்டங்களுக்கிடையே விரல் நுழையும் இடைவெளி விட்டுத் தளம் அடித்தால், புழுக்கையும் சிறுநீரும் கீழே விழுந்து குளம்பு உலர்ந்திருக்கும். தென்மேல் பருவமழைக் காலத்தில் குளம்புகளை அடிக்கடி தூக்கிப் பார்த்து, அழுகல் நாற்றம் எழுந்தால் 10 சதவீத நாகசல்பேற்று (சிங்க் சல்பேட்) கரைசலில் கால்களைச் சில நிமிடங்கள் நிறுத்த வேண்டும்.

தீனியில்தான் பலர் சறுக்குகிறார்கள். இலையில் வரும் கொப்புள நோய்க்காகத் தேயிலைக்குச் செம்பு கலந்த மருந்து தெளிப்பதுண்டு. செம்மறியோ, மாட்டைவிடச் செம்பைத் தாங்கும் ஆற்றல் மிகக் குறைந்தது. செம்பு ஈரலில் மெல்லச் சேர்ந்து, ஒருநாள் திடீரென்று சிறுநீர் பிளேன்டி (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போக, ஆடு சாய்ந்துவிடும். ஆகவே மருந்தடித்த மலையில் பிடுங்கிய புல்லை, அது எவ்வளவு பசுமையாக இருந்தாலும், போடலாகாது. செம்பு சேர்ந்திருப்பதால், மாட்டுக்கு நக்கக் கொடுக்கவென விற்கும் தாதுக்கட்டியும் வேண்டாம். குவாத்தமாலா புல்லும் முள்முருங்கைத் தழையும் நல்ல தீனி.

சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். செப்டெம்பரில் கிடாவைச் சேர்த்தால் குட்டிகள் பெப்ரவரி வெயிலில் பிறக்கும். இரவுப் பனிக்கு மட்டும் பட்டியின் காற்றுப்பக்கத்தைச் சாக்கால் மறைத்துவிட வேண்டும்.