தொப்பி வில்லையின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

கிருஷ்ணகிரியில் ஒரு பழைய இரும்புக்கடையில் பித்தளைத் தொப்பி வில்லை (ராணுவத் தொப்பியின் முன்புறம் மாட்டும் உலோகச் சின்னம்) ஒன்றை 400 ரூபாய்க்கு வாங்கினேன். ‘இரண்டாம் உலகப்போர் காலத்தது’ என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதிலிருந்த கிரீடத்தின் உச்சி நடுவில் பள்ளமாக இருந்தது. ஏமாந்துவிட்டேன்.

முதலில் கிரீடத்தைப் பாருங்கள். 1901 முதல் 1952 வரை ஆண்ட பிரிட்டிஷ் மன்னர்களின் கிரீடத்தில் வளைவுகள் உப்பி மேலெழும்பும். அவர்களுக்குப் பின் வந்த இரண்டாம் எலிசபெத் காலத்துக் கிரீடத்தில் உச்சி உள்வாங்கியிருக்கும். விக்டோரியா காலத்ததும் ஏறக்குறைய அப்படித்தான், அவசரப்படாதீர்கள். கிரீடத்துக்குப் பதில் அசோகச் சிங்கங்கள் இருந்தால் அது 1950-இல் நாடு குடியரசான பிறகு வந்த இந்திய வில்லை.

பிறகு பின்பக்கத்தைத் திருப்புங்கள். எனக்கு முன்பக்கத்தைவிட இதன்மீதே நம்பிக்கை. தகட்டை அச்சில் அழுத்தி அடித்த வில்லையில் முன்புற உருவத்தின் குழிவு பின்னால் தெளிவாகத் தெரியும். வார்ப்பு நகலில் ஊசித் துளைகளும் மழுங்கிய விளிம்புகளும் இருக்கும். மாட்டும் வளையமோ தகட்டுக் கொக்கியோ புதுப் பற்றவைப்போடு பளபளத்தால் விலகிவிடுங்கள்.

புளி போட்டு மட்டும் தேய்க்காதீர்கள். தருமபுரியில் என் அத்தை, தாத்தாவின் வில்லையைக் குத்துவிளக்கோடு சேர்த்துத் துலக்கி, எழுத்தையே அழித்துவிட்டார்.