இன்சுலின் ஊசி: சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா?

குப்பியின் லேபிளில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் என்று இருக்கிறதா, 100 யூனிட் என்று இருக்கிறதா? ஊசி போடுமுன் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இந்தியாவில் இரண்டும் விற்பனையில் இருக்கின்றன. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச்.

டாக்டர் எழுதியது 20 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 40 குப்பி மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால் வருவது 0.2 மி.லி.; உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். சர்க்கரை குறையவில்லையே என்று டோஸை ஏற்றிக்கொண்டே போவார்கள். இதற்கு நேர்மாறான தவறு இன்னும் ஆபத்தானது. 100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 0.5 மி.லி., அதாவது 50 யூனிட். சர்க்கரை தடாலென இறங்கி வலிப்பு, நினைவிழப்பு வரை போகலாம். இன்சுலின் பேனாவின் கார்ட்ரிட்ஜில் (உள்ளே இருக்கும் மருந்துக் குழாயில்) சிரிஞ்சைக் குத்தி மருந்து எடுப்பதும் இதே விபரீதத்தில்தான் முடியும். கார்ட்ரிட்ஜில் இருப்பது 100 அல்லது அதைவிடச் செறிவான மருந்து.

என்.பி.எச். போல இயல்பிலேயே கலங்கலாக இருக்கும் இன்சுலினைக் குலுக்கக் கூடாது. நுரை கட்டும், குமிழி ஏறும், அளவு தப்பும். உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் பால்போலச் சீராகக் கலக்கும். அப்படியும் திட்டுத்திட்டாக நின்றால் அந்தக் குப்பி வேண்டாம்.

தெளிந்த இன்சுலின் 10 யூனிட், கலங்கிய என்.பி.எச். 20 யூனிட் என ஒரே சிரிஞ்சில் போடச் சொல்லியிருந்தால், கலங்கிய குப்பிக்குள் 20 அளவு காற்றை மட்டும் செலுத்தி ஊசியை எடுத்துவிடுங்கள். பிறகு தெளிந்த குப்பிக்குள் 10 அளவு காற்று செலுத்தி, 10 யூனிட் எடுங்கள். கடைசியாகக் கலங்கியதை 30-ஆம் கோடு வரை இழுங்கள். கூடுதலாக வந்துவிட்டால் குப்பிக்குள் திருப்பித் தள்ளாமல், மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். கிளார்ஜின் என்ற நீண்டநேர இன்சுலினை வேறு எதனுடனும் கலக்கக் கூடாது.

வலி குறைவு என்று ஒரே இடத்தில் குத்தினால் அங்கே கொழுப்புக் கட்டி உண்டாகும். கட்டியிலிருந்து மருந்து ஒருநாள் மெதுவாகவும் ஒருநாள் வேகமாகவும் உறிஞ்சப்படும். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அளவு விட்டு, முந்தைய இடத்திலிருந்து ஒரு செ.மீ. தள்ளிப் போடுங்கள். கட்டியில் போட்டுப் பழகியவர் நல்ல இடத்துக்கு மாறினால் பழைய டோஸே அதிகமாகிவிடக்கூடும். டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பேனா என்றால் ஒவ்வொரு முறையும் 2 யூனிட் வெளியே விட்டு, துளி வருகிறதா என்று பாருங்கள். பொத்தானை முழுக்க அழுத்தியபின் பத்து எண்ணும்வரை ஊசியை எடுக்காதீர்கள். போட்ட இடத்தைத் தேய்க்கவும் கூடாது. ஊசியை மாட்டியபடியே பேனாவை வைத்தால் மருந்து கசியும், காற்று புகும். அடுத்த டோஸ் குறையும்.