20% பங்கு என்றால் எதில் 20%?

செல்போன் சந்தையில் இன்னார் முதலிடம் என்று செய்தி வந்தால், எதை எண்ணினார்கள் என்று முதலில் பாருங்கள். 2023-இல் உலகச் சந்தையில் ஆப்பிள் 20.1%, சாம்சங் 19.4% என்று சந்தை ஆய்வு நிறுவனமான ஐடிசி சொன்னது, நிறுவனங்கள் அனுப்பிவைத்த போன்களின் கணக்கு. இன்னும் பில் போடாமல் கோடவுனில் கிடக்கும் பெட்டியும் அதில் சேரும். இணையப் பயன்பாட்டைக் கணக்கிடும் ஸ்டாட்கவுன்ட்டர் நிறுவனம் எண்ணுவதோ, எந்த போனில் எத்தனை இணையப் பக்கங்கள் திறந்தன என்பதை; ஐந்து வருடப் பழைய போனும் அங்கே வரும். இரண்டையும் தயவுசெய்து ஒப்பிடாதீர்கள்.

எண்ணிக்கையா, பண மதிப்பா என்பதும் முக்கியம். 80,000 ரூபாய் போன் ஒன்று, மதிப்புக் கணக்கில் 10,000 ரூபாய் போன் எட்டுக்குச் சமம். இந்தியாவில் எண்ணிக்கையில் பின்தங்கும் ஆப்பிள் மதிப்பில் முன்னே வருவது இதனால்தான்.

பங்கு சரிந்தது என்றாலும் அவசரப்பட வேண்டாம். சந்தையில் மொத்தம் 100 போன் விற்றபோது 20 விற்றவர், மொத்தம் 150 ஆனபோது 27 விற்றால் பங்கு 18%தான்; ஆனால் விற்றது ஏழு போன் கூடுதல்.