பல்கலைக்கழக வேலைக்குப் புதிதா? கட்டின் அடியில் இருக்கும் அந்தத் தாளை எடுங்கள்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எச்.ஆர். ஒரு கட்டுத் தாளைக் கையில் திணிக்கும். மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், பார்க்கிங், தீ விபத்துப் பயிற்சி. இவற்றுக்கெல்லாம் கடைசித் தேதி உண்டு என்பதால் எப்படியும் படித்துவிடுவோம். கட்டின் அடியில் பணியாளர் குழுக்களின் பட்டியல் ஒன்று இருக்கும். அதற்குக் கடைசித் தேதி கிடையாது, அதனால் யாரும் படிப்பதில்லை. நான் எட்டு மாதம் கழித்துத்தான் எடுத்துப் பார்த்தேன். அந்த எட்டு மாதத்தில் ஆய்வகத்துக்கு வெளியே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் வாசல் காவலாளி ஒருவர்தான். அதுவும் என் அடையாள அட்டையைப் பார்த்து.

அமெரிக்காவில் இந்தக் குழுக்களை எம்ப்ளாயீ ரிசோர்ஸ் குரூப், சுருக்கமாக ஈ.ஆர்.ஜி. என்பார்கள். அஃபினிட்டி குரூப், இன்ட்ரஸ்ட் குரூப் என்றும் சொல்வதுண்டு. பிரிட்டனில் ஸ்டாஃப் நெட்வொர்க். பட்டியலைப் பார்த்தால் கலவையாக இருக்கும்: பெண் பணியாளர்கள், கறுப்பினப் பணியாளர்கள், மாற்றுத்திறனாளிகள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்கள், அப்புறம் நடை, தோட்டம், கம்பளிப் பின்னல், பாட்டு. மாணவர் சங்கங்கள் வேறு, இவை வேறு. போஸ்ட்டாக்காக, அதாவது முனைவர் பட்டம் முடித்துத் தற்காலிக ஆய்வாளராக, வந்திருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சில இடங்களில் போஸ்ட்டாக் பணியாளர் கணக்கிலும் வரமாட்டார், மாணவர் கணக்கிலும் வரமாட்டார். அப்படியிருந்தால் போஸ்ட்டாக்குகளுக்கென்றே தனிச் சங்கம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பெரிய பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் இருக்கும்.

‘இதெல்லாம் பொழுதுபோகாதவர்கள் வேலை’ என்று நானும் நினைத்தவன்தான். இவை பிறந்த கதை வேறு மாதிரி. 1964 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் இனக் கலவரம் வெடித்தது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் சொந்த ஊர் அது. அதன் பிறகு, ஜோசப் வில்சன் அந்த நிறுவனத்தின் தலைவராக இருந்த காலத்தில், அங்கே வேலை பார்த்த கறுப்பினத்தவர்கள் தங்களுக்குள் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். 1970இல் அது நாடு தழுவிய ஊழியர் குழுவாக வளர்ந்தது. யாரை வேலைக்கு எடுக்கிறார்கள், யாருக்கு நல்ல பொறுப்பு போகிறது என்பதுதான் அவர்கள் பேச்சு. பின்னல் குழுவும் நடைக் குழுவும் அந்த மரத்தில் பின்னால் வந்த கிளைகள்.

சரி, எந்தக் குழுவில் சேருவது? நம்மில் பலர் நேராகப் போவது இந்தியர் குழுவுக்கோ தெற்காசியர் குழுவுக்கோதான். போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கூடவே, உங்கள் பூர்வீகத்துக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொன்றிலும் சேருங்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் ஒரு கணக்கை வெளியிட்டார். தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6. அபூர்வமாக என்றவர்கள் 27.8. காரணம் எளிது. தினமும் பார்ப்பவருக்கு நமக்குத் தெரிந்ததேதான் தெரியும். எப்போதாவது பார்ப்பவர் வேறொரு கட்டடத்தின் செய்தியைக் கொண்டுவருவார். பல்கலைக்கழகம் போன்ற இடத்தில், ஒவ்வொரு துறையும் தனித் தீவாகக் கிடக்கும்போது, இது இரண்டு மடங்கு உண்மை.

நான் போனது பின்னல் குழுவுக்கு. எனக்குப் பின்னத் தெரியாது. நான் ஓய்வாக இருந்த ஒரே மதிய வேளையில் கூடிய குழு அதுதான், அவ்வளவுதான் காரணம். நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு நீள மேசை, சுற்றி எட்டுப் பேர். யாரோ சாம்பல் நிறக் கம்பளி உருண்டையையும் இரண்டு ஊசிகளையும் என் முன்னால் தள்ளினார்கள். எந்தத் துறை, என்ன பதவி என்று ஒருவரும் கேட்கவில்லை. பெயர் கேட்டார்கள். அங்கேதான் சிக்கல். பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் என்ற இடத்தில் என் அப்பா பெயர் இருக்கிறது. அதனால் மின்னஞ்சலில், அட்டையில், ஆய்வகக் கதவில் எல்லாம் அப்பாதான் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இதை நான் விளக்கத் தொடங்கியதும் எதிரே இருந்த பெண் சிரித்துவிட்டார். அவர் ஐஸ்லாந்துக்காரர். “எங்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொள்வோம். எங்கள் நாட்டில் தொலைபேசிப் புத்தகமே முதல் பெயர் வரிசையில்தான் இருந்தது” என்றார். என் பெயர்ப் பிரச்சினையை ஒரே நிமிடத்தில் புரிந்துகொள்ள அங்கே ஒரு தமிழர் தேவைப்படவில்லை.

மேசையின் கோடியில் இருந்தவர் சம்பளப் பிரிவில் வேலை பார்ப்பவர். பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “சம்பளப் பதிவில் பாஸ்போர்ட் பெயர்தான் இருக்க வேண்டும், அதை மாற்ற முடியாது. ஆனால் போர்ட்டலில் ‘ப்ரிஃபர்ட் நேம்’, அதாவது கூப்பிட விரும்பும் பெயர், என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்புங்கள், மின்னஞ்சலிலும் அட்டையிலும் அதுதான் வரும்.” இதே கேள்வியை உதவி மையத்துக்கு நான் இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் ஒரே அச்சடித்த பதிலை வாங்கியிருந்தேன். அந்த வாரமே என் பெயர் என் கதவுக்கு வந்துவிட்டது. பின்னல் மட்டும் வரவில்லை. அந்தத் துண்டு நாலு விரல் அகலத்தோடு என் மேசை இழுப்பறையில் இன்னும் கிடக்கிறது.

நம்மவர்கள் இந்தக் கூட்டங்களில் தடுமாறுவது ஒரு விஷயத்தில். பேராசிரியரும் அலுவலக உதவியாளரும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவரையொருவர் முதல் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நமக்கு ‘சார்’ தொண்டை வரைக்கும் வந்துவிடும். விழுங்கிக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், பதவி பார்த்துப் பக்கத்தில் போய் உட்காராமல் இருப்பது. நம் ஆட்கள் சிலர் டீன் எங்கே என்று தேடிப் பிடித்து விசிட்டிங் கார்டு நீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். மேசையில் இருக்கும் எல்லோருக்கும் அது தெரிந்துவிடும்.

ஒரு கூட்டத்தை வைத்து ஒரு குழுவை எடைபோடாதீர்கள். மூன்று முறை போங்கள். மூன்றாவது முறை ஏதாவது ஒரு சின்ன வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: நாற்காலி அடுக்குவது, அறை பதிவு செய்வது, யார் வந்தார்கள் என்று குறித்துவைப்பது. சும்மா உட்கார்ந்திருப்பவரை நல்லவர் என்பார்கள். நாற்காலி அடுக்குபவரைத்தான் அடுத்த வாரம் தேடுவார்கள். நேரம் ஒரு பிரச்சினை. மாதச் சம்பளக்காரர் மதியம் ஒரு மணி நேரம் எழுந்து போனால் யாரும் கேட்கமாட்டார்கள், மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு அது அப்படியில்லை. வேலை நேரத்தில் குழுக் கூட்டத்துக்குப் போக அனுமதி உண்டா என்று எச்.ஆர். விதிகளில் பாருங்கள். பிறகு மேலாளருக்கு ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பி, ‘சரி’ என்ற பதிலை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை மேலாளர் மாறும்போது கூடவே போய்விடும்.

இனி, இந்தக் குழு எது இல்லை என்பது. இது தொழிற்சங்கம் இல்லை. குழுவுக்கு நிர்வாகமே சின்னதாக ஒரு பட்ஜெட் கொடுக்கும், உயரதிகாரி ஒருவர் புரவலராக இருப்பார். அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம், முதலாளியே காசு கொடுத்து நடத்தும் அமைப்பு ஊழியர்களுக்காகச் சம்பளம், வேலை நேரம் பற்றி அவரோடு பேரம் பேசுவதைத் தடுக்கிறது. தனியார் பல்கலைக்கழகங்கள் இதன் கீழ் வரும், அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அந்தந்த மாநிலச் சட்டம். ஆகவே சம்பளத்தில் தகராறு என்றால் சங்கத்துக்குப் போங்கள். பிரிட்டனில் பேராசிரியர்கள், ஆய்வாளர்கள் பலர் யூ.சி.யூ. என்ற சங்கத்தில் இருக்கிறார்கள். விசா என்றால் சர்வதேச அலுவலகம், அதற்கும் மேலே போனால் வழக்கறிஞர். குழுவில் பேசுவது ரகசியம் என்றும் நினைக்காதீர்கள். பல்கலைக்கழகம் கொடுத்த டீம்ஸ் அரட்டைச் செயலியில் மேலாளரைப் பற்றி எழுதுவது, அவர் அறைக்கதவில் ஒட்டுவதற்குச் சமம்.

சேர்ந்து கொஞ்ச நாளில் இன்னொன்று நடக்கும். துறையில் நீங்கள் ஒருவர்தான் தமிழர், அல்லது ஒருவர்தான் மாநிறம் என்றால், ஒவ்வொரு குழுவுக்கும், ஒவ்வொரு புகைப்படத்துக்கும், வேலைக்கு ஆள் எடுக்கும் ஒவ்வொரு நேர்காணலை நடத்தவும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். அமாடோ பாடிய்யா என்ற உளவியலாளர் 1994இல் இதற்குக் ‘கலாசார வரி’ என்று பெயர் வைத்தார். பதவி உயர்வில் ஒரு மதிப்பெண்ணும் வராத, ஆனால் மறுக்கவும் முடியாத வேலை. நான் ஒரு விதி வைத்திருக்கிறேன்: ஒரு நேரத்தில் ஒரு குழுவில் மட்டும்தான் பொறுப்பு. மற்றதெல்லாம் பார்வையாளராக. ‘இந்த வருடம் முடியாது, அடுத்த வருடம் கேளுங்கள்’ என்று சொன்னதால் யாரும் என்மேல் கோபப்படவில்லை.

இந்தியர் குழுவைப் பற்றிச் சொல்லாமல் போனால் அது நேர்மையாக இருக்காது. ‘எந்த ஊர்?’ என்று தொடங்கி, ‘அங்கே எந்தப் பக்கம்?’ என்று நகர்ந்து, அப்பா பெயர், வீட்டுப் பழக்கம் என்று சுற்றிவளைத்துச் சாதியில் போய் நிற்கும் விசாரணை கடல் தாண்டியும் வந்திருக்கிறது. கேட்பவருக்கு அது குசலம். கேட்கப்படுபவருக்கு அப்படியில்லை, அடுத்த கூட்டத்துக்கு அவர் வரமாட்டார். பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இல் தன் பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியைச் சேர்த்தது. அப்போது 23 வளாகங்கள் கொண்டிருந்த கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழக அமைப்பு 2022 ஜனவரியில் அதைச் செய்தது. உங்களிடம் அப்படி யாராவது கேட்டால், உங்கள் பல்கலைக்கழக விதிகளில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் கேட்பவராக இருந்தால், வானிலையைப் பற்றிப் பேசுங்கள்.

அமெரிக்காவுக்கு வருபவர்கள் பழைய பட்டியலை நம்ப வேண்டாம். டெக்சஸில் 2024 ஜனவரி 1 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்முகத்தன்மை அலுவலகங்களுக்கு, அதாவது இனம், பாலினம் சார்ந்த பிரிவினருக்கான பணிகளைக் கவனிக்கும் அலுவலகங்களுக்கு, சட்டத்தடை. 2025 மார்ச்சில் கூட்டரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம், இனம், பாலினம் பார்த்து இத்தகைய குழுக்களில் உறுப்பினர் சேர்ப்பது சட்டமீறலாகலாம் என்று சொல்லியிருக்கிறது. சில குழுக்கள் பெயர் மாறியிருக்கும், சில இருக்காது, இருப்பவற்றில் ‘எல்லோரும் வரலாம்’ என்ற வரி இருக்கும். அந்த வரியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பெண் பணியாளர் குழுவின் சம்பளப் பேச்சுப் பயிற்சிக்கு ஆண்கள் போகலாம். மனைவியோ கணவரோ வேலை அனுமதி இல்லாமல் வீட்டில் இருந்தால், வெளிநாட்டு ஆய்வாளர்களின் துணைவர்களுக்கான குழு உண்டா என்று சர்வதேச அலுவலகத்தில் கேளுங்கள். உங்களைவிட அவருக்குத்தான் இது அவசரம்.

தமிழ்க் குழு ஒன்றைத் தொடங்கலாமா என்று புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். முதல் வருடம் வேண்டாம். யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியவே ஒரு வருடம் ஆகும். தொடங்கும்போது இந்தியா என்ற சொல்லைப் பெயரில் வைக்காதீர்கள். ஈழத்திலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். தமிழ் கற்க வரும் மற்றவர்களுக்கும் இடம் வையுங்கள். விதிமுறைப் புத்தகம் எழுதுவதற்கு முன்னால், மாதம் ஒரு நாள், ஒரே கிழமை, ஒரே அறை என்று நாலு மாதம் நடத்திப் பாருங்கள்.

இன்னொன்று, கோப்புகள். நான் இருந்த ஒரு குழுவின் உறுப்பினர் பட்டியல், பட்ஜெட், பழைய படங்கள் எல்லாம் தலைவரின் பெயரில் இருந்த பல்கலைக்கழக மின்னஞ்சல் கணக்கில் இருந்தன. அவர் ஒரு வெள்ளிக்கிழமை வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனார், திங்கட்கிழமை காலையில் கணக்கு மூடப்பட்டிருந்தது. ஆறு வருடத்துச் சேமிப்பு. குழுவுக்கென்று பொது மின்னஞ்சல் முகவரி ஒன்றை ஐ.டி. பிரிவு இலவசமாகவே தரும், முதல் கூட்டத்துக்கு முன்னால் அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.