பெட்ரோல் டேங்கில் தண்ணீர் புகுந்தால்: முழுசாக இறக்கிச் சுத்தம் செய்யும் முறை

ஐப்பசி மழையில் செல்லூர்ப் பக்கம் கார் தண்ணீரில் நின்றிருந்தாலோ, பங்க்கில் பெட்ரோல் போட்ட கொஞ்ச தூரத்திலேயே இன்ஜின் மிஸ்ஸிங் அடித்து நின்றுவிட்டாலோ, டேங்கைச் சந்தேகப்படுங்கள். திரும்பத் திரும்பச் செல்ஃப் அடிக்காதீர்கள். டேங்குக்குள் இருக்கும் மோட்டார் அடித்தண்ணீரை உறிஞ்சி, இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரை தள்ளிவிடும். வெள்ளத்தில் நின்ற கார் என்றால் ஏர் ஃபில்டரையும் பாருங்கள்; அது நனைந்திருந்தால் மெக்கானிக் வரும்வரை சாவியைத் தொடவே வேண்டாம்.

மேலாக இருக்கும் நல்ல பெட்ரோலை வைத்துக்கொண்டு அடித்தண்ணீரை மட்டும் எடுத்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இப்போதைய பெட்ரோலுக்கு அது சரிவராது. அதில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. கொஞ்சம் ஈரத்தை எத்தனால் தனக்குள் கரைத்துக்கொள்ளும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து, தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். 30 லிட்டர் டேங்கில் எத்தனால் மட்டுமே 6 லிட்டர். அதனால் அடியில் தேங்குவது உள்ளே போன தண்ணீரைவிட அதிகமாகவே இருக்கும். மேலே மிஞ்சும் பெட்ரோலில் ஆக்டேன் (தட்டாமல் எரியும் திறன்) குறைந்துவிடும், இன்ஜின் தட்டும். ஆகவே முழுசாக இறக்குவதுதான் வழி.

காரைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பக்கத்தில் அடுப்பு, பீடி, வெல்டிங் எதுவும் கூடாது.

பல சின்னக் கார்களில் பின்சீட்டின் அடிப்பலகையைத் தூக்கினால் வட்ட மூடி தெரியும். அது இல்லாத வண்டியில் டேங்கையே இறக்க வேண்டும். அதை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுங்கள். திறக்கும் முன் மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் உள்ளே விழும். பெட்ரோல் குழாயைக் கழற்றும்போது பிரஷரில் பீய்ச்சும். இணைப்பின் மேல் துணியைச் சுற்றிப் பிடியுங்கள். பூட்டு வளையத்தை மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். இரும்புச் சுத்தியல் பொறி கிளப்பும். மோட்டாரைச் சாய்த்து மெதுவாகத் தூக்குங்கள். மிதவைக் கம்பி வளைந்தால் பெட்ரோல் முள் தப்பாகக் காட்டும்.

கைப்பம்பால் கேன்களில் இறக்குங்கள். வேக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சவே கூடாது, வெடித்துவிடும். முதலில் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் கால் மணி நேரம் வையுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்து, நடுவே கோடு கிழித்ததுபோலத் தெரிந்தால் தண்ணீர் உறுதி. பங்க்கில் புகார் கொடுப்பதாக இருந்தால் அந்தப் பாட்டிலும் பில்லும் தேவைப்படும்.

காரின் ஒரு பக்கத்தை ஜாக்கியால் லேசாகத் தூக்கினால் மிச்சம் ஒரு மூலையில் சேரும். காரின் அடியில் மட்டும் போகாதீர்கள். கடைசிச் சொட்டுகளை நூல் உதிராத பருத்தித் துணியால் ஒற்றி, ஒரு லிட்டர் புதுப் பெட்ரோல் ஊற்றி அலசி, அதையும் எடுத்துவிடுங்கள்.

மோட்டாரின் அடியிலுள்ள வலையையும் பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றுங்கள். மூடியின் ஓரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கட்டாயம் புதுசு. பழையது பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கும், பள்ளத்தில் உட்காராது. பிறகு காருக்குள் பெட்ரோல் வாடை அடிக்கும்.

எல்லாவற்றையும் பூட்டி 5 லிட்டர் புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். பேட்டரியை மாட்டுங்கள். இன்ஜின் பக்கத்துக் குழாயைக் கழற்றிக் கேனில் விட்டு, செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் செய்து, மூன்று விநாடி கழித்து ஆஃப் செய்யுங்கள். தெளிவான பெட்ரோல் வரும்வரை இப்படியே செய்து, குழாயை மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யலாம். ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடட்டும். பின்சீட்டு மூடியைச் சுற்றி விரலால் தடவிக் கசிவு பாருங்கள். இறக்கிய பெட்ரோலைக் கண்மாயிலோ சாக்கடையிலோ கொட்டாமல், கழிவு எண்ணெய் சேர்க்கும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.