பழைய மஸ்டாங்ல இக்னிஷன் மாட்யூல் கழட்டப் போறீங்களா, இதையெல்லாம் பண்ணாதீங்க

இங்க ஹூஸ்டன்ல ஃபாக்ஸ் பாடின்னு சொல்ற, 1979லேந்து 93 வரைக்கும் வந்த பழைய ஃபோர்டு மஸ்டாங் வாங்குற நம்ம பசங்க கொஞ்சம் பேர் இருக்காங்க. நல்லா ஓடிட்டிருக்கும், சூடானதும் பொசுக்குன்னு நின்னுடும், ஆறினதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். உடனே டிஎஃப்ஐ மாட்யூல்தான் (இக்னிஷன் காயிலை ஆன், ஆஃப் பண்ற எலக்ட்ரானிக் பெட்டி) காரணம்னு வீட்டு வாசல்லயே கழட்ட ஆரம்பிச்சிடுறாங்க. தாராளமா கழட்டலாம், ஆனா ஆளாளுக்கு அதே தப்பையே பண்றதைப் பாத்துட்டு சும்மா இருக்க முடியல. 86லேந்து 93 வரைக்கும் வந்த 5.0 லிட்டர் இன்ஜின் வண்டிகளைத்தான் சொல்றேன், அதுல மாட்யூல் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரிச்சுக் கொடுக்கிறது) மேலயே இருக்கும், 94ல அங்கேந்து எடுத்து ஃபெண்டர் பக்கம் தள்ளி வச்சிட்டாங்க. பேட்டரி நெகட்டிவைக் கழட்டு, இன்ஜின் ஆறட்டும், இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

நேரா இழுக்காதீங்க

மாட்யூலோட மூணு பின் டிஸ்ட்ரிபியூட்டர் அடியில இருக்கிற ஸ்டேட்டர் (உள்ள சென்சார் இருக்கிற பாகம்) கனெக்டருக்குள்ள சொருகியிருக்கும், ரெண்டு ஸ்க்ரூவையும் எடுத்தாச்சே ஏன் வரலன்னு அடியில ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்புவாங்க, அங்கதான் போச்சு எல்லாம். பழைய கிரீஸ் காஞ்சு பசை மாதிரி பிடிச்சிருக்கும், அதனால வராது. பக்கத்துத் தெரு தம்பி ஒருத்தன் 89 மஸ்டாங்ல இப்படித்தான் நெம்பினான், ‘டக்’குன்னு ஒரு சத்தம், ஒரு பின் ஒடிஞ்சு உள்ளயே தங்கிடுச்சு, கனெக்டர் பிளாஸ்டிக்கும் விரிசல். புது மாட்யூல் கையில இருக்கு, சொருக இடமில்ல. ஸ்டேட்டரை மட்டும் மாத்தலாமேன்னா டிஸ்ட்ரிபியூட்டரையே வெளிய எடுத்து, அடி கியரோட பின்னைத் தட்டி, கியரை உருவினாத்தான் அது வெளிய வரும். கடைசில முழு டிஸ்ட்ரிபியூட்டரே வாங்கினான். சரியான வழி இதுதான்: மாட்யூலோட வலது ஓரத்தை டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜின்ல உக்காந்திருக்கிற ஃபிளேஞ்ச் பக்கமா கீழ இறக்குங்க, திரும்ப மேல ஏத்துங்க, பிடி விடும், அப்புறம் கீழ்ப்பக்கமாவே வழுக்கிட்டு வரும். இதை ஃபோர்டு சர்வீஸ் மேனுவலே எச்சரிக்கை போட்டுச் சொல்லுது, தயவுசெஞ்சு பொறுமையா பண்ணுங்கப்பா.

சாதா சாக்கெட்

மாட்யூல் ஸ்க்ரூவுக்குப் போகாது. 5.5 எம்எம், சுவர் மெல்லிசா இருக்கிற சாக்கெட்தான் வேணும்.

மார்க் போடாம டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புறது

ஸ்க்ரூவுக்குக் கை போகலன்னு, டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடிச்சிருக்கிற கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி திருப்பிடுறாங்க. முதல்ல டிஸ்ட்ரிபியூட்டர் பாடிக்கும் இன்ஜினுக்கும் சேர்த்து ஒரு கோடு போடுங்க. முடிச்சதும் ஸ்பவுட் கனெக்டரை (கம்ப்யூட்டர் டைமிங்கை மாத்துற வயரோட சின்ன கனெக்டர்) பிடுங்கி வச்சுட்டு, டைமிங் லைட்ல ஸ்பார்க் 10 டிகிரி முன்னாடி வருதான்னு பாத்துடுங்க, அப்புறம் கனெக்டரைத் திரும்பச் சொருகிடுங்க.

கிரீஸ் இல்லாம மாட்டுறது

புது மாட்யூலோட பாக்கெட்ல பெரும்பாலும் வரும், அதைக் குப்பையில போட்டுட்டு மாட்டுறவங்களைப் பாத்திருக்கேன். மாட்யூலோட சூடு டிஸ்ட்ரிபியூட்டர் பாடிக்கு இறங்குறதே அது வழியாத்தான். பழசை நல்லா துடைச்சுட்டு, அடிப்பக்கம் முழுக்க சமமா தடவுங்க.

மாட்யூல் மேலயே பழி

ஸ்டேட்டர்ல இருக்கிற பிப் சென்சார் (இன்ஜின் எந்த நிலையில சுத்துதுன்னு சிக்னல் கொடுக்கிறது) போனாலும் அச்சு அசல் இதே மாதிரிதான் நிக்கும். பார்ட்ஸ் கடையில மாட்யூலை டெஸ்ட் பண்ணும்போது ஒரு தடவையோட விடாதீங்க, சூடேறுற வரைக்கும் திரும்பத் திரும்பப் போடச் சொல்லுங்க.

சாம்பல் கலர், கருப்பு கலர்

மாட்யூல் ரெண்டு கலர்ல வருது, ரெண்டும் வேற வேற. கழட்டினது எந்தக் கலரோ அதையே வாங்குங்க.