ஒரு எஸ்டரை முன்வைத்து: புரோட்டான் என்.எம்.ஆர். நிறமாலையைப் படிக்கும் முறை

புரோட்டான் என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) என்பது, காந்தப்புலத்தில் வைத்த சேர்மத்தின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள், அதாவது புரோட்டான்கள், தரும் குறிப்பலைகளை உச்சிகளாகப் பதிவு செய்யும் முறை. அந்த நிறமாலையில் எந்த உச்சியையும் ஆராயத் தொடங்குமுன் சேர்மத்தின் மூலக்கூறு வாய்பாட்டைக் கணக்கிட்டுப் பார்த்துவிட வேண்டும். நான்கு கார்பன், எட்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன் கொண்ட ஒரு நீர்மத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு கார்பன் அணுக்கள் அதிகபட்சம் பத்து ஹைட்ரஜன்களை ஏற்கும். இங்கே இரண்டு குறைவதால், மூலக்கூறில் ஒரு இரட்டைப் பிணைப்போ ஒரு வளையமோ இருந்தாக வேண்டும்.

அடுத்து, சேர்மத்துக்கு உரியவையல்லாத உச்சிகளை விலக்க வேண்டும். டியூட்டரோகுளோரோஃபார்மை (ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டீரியம் கொண்ட குளோரோஃபார்மை) கரைப்பானாகக் கொண்டால், 0 பி.பி.எம். (நிறமாலை அச்சின் அலகு; மில்லியனில் ஒரு பங்கு) இல் ஒப்பீட்டுப் பொருளான டெட்ராமெத்தில்சிலேனும், 7.26 இல் எஞ்சிய குளோரோஃபார்மும், 1.56 அருகே ஈரத்தின் நீரும் தென்படும்.

எஞ்சுபவை மூன்று: 1.26 இல் மும்மை (மூன்று கோடுகளாகப் பிளந்த உச்சி), 2.04 இல் ஒற்றை (பிளவற்ற உச்சி), 4.12 இல் நான்மை (நான்கு கோடுகளாகப் பிளந்தது). அவற்றின் பரப்புகள் 3:3:2 என்ற விகிதத்தில் அமைகின்றன. உச்சியின் பரப்பு, ஹைட்ரஜன் எண்ணிக்கைகளின் விகிதத்தை மட்டுமே தருகிறது; கூட்டுத்தொகை வாய்பாட்டின் எட்டு ஹைட்ரஜனோடு பொருந்துவதால்தான் இவற்றை இரண்டு மெத்தில் (CH₃) தொகுதிகள், ஒரு மெத்திலீன் (CH₂) தொகுதி என்று கொள்ள முடிகிறது.

அண்டைக் கார்பனில் உள்ள சமமான புரோட்டான்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டினால் கிடைப்பதே கோடுகளின் எண்ணிக்கை என்பதால், மும்மையும் நான்மையும் சேர்ந்து எத்தில் (CH₃CH₂) தொகுதியைச் சுட்டுகின்றன. ஆனால் வடிவத்தை மட்டும் நம்பாமல், கோடுகளுக்கு இடையிலான தொலைவை ஹெர்ட்ஸில் அளந்து பார்ப்பது நல்லது. 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் பி.பி.எம். வேறுபாட்டை 400 ஆல் பெருக்கினால் அந்த அளவு கிடைக்கும். இரு உச்சிகளிலும் ஏறத்தாழ 7.1 ஹெர்ட்ஸ் என்ற ஒரே மதிப்பு வந்தால், அவை ஒன்றையொன்று பிளக்கும் இணை என்று கொள்ள வலுவான ஆதாரம் கிடைக்கிறது.

பலர் இந்த இடத்திலேயே விடையை எழுதிவிடுகிறார்கள். அது போதாது. எத்தில் அசிட்டேட், மெத்தில் புரோப்பனோயேட் ஆகிய இரண்டு எஸ்டர் மாற்றியங்களுக்கும் (ஒரே வாய்பாடும் வேறு அமைப்பும் கொண்ட சேர்மங்களுக்கும்) வாய்பாடு, பரப்பு விகிதம், பிளவு வடிவங்கள் எல்லாமே ஒன்றுதான். அவற்றைப் பிரித்துக் காட்டுவது வேதிப் பெயர்ச்சி, அதாவது உச்சி அச்சில் நிற்கும் இடம், மட்டுமே. எஸ்டரில் உள்ள –CO–O– தொகுதியின் ஒற்றைப் பிணைப்பு ஆக்சிஜனோடு நேரடியாக இணைந்த கார்பனின் புரோட்டான்களைச் சூழ்ந்த எலக்ட்ரான் அடர்த்தியை அந்த ஆக்சிஜன் குறைத்துவிடுவதால், அவை 3.6 முதல் 4.2 வரையிலான பகுதிக்கு நகர்கின்றன. கார்போனைலுக்கு (C=O) அடுத்த கார்பனின் புரோட்டான்களோ 2 முதல் 2.4 வரையில் நின்றுவிடுகின்றன. நம் நிறமாலையில் 4.12 இல் இருப்பது நான்மை. ஆகவே ஆக்சிஜனோடு இணைந்திருப்பது எத்தில் தொகுதி, சேர்மம் எத்தில் அசிட்டேட். மெத்தில் புரோப்பனோயேட்டாக இருந்திருந்தால் 3.67 அருகே ஒற்றையும், 2.3 அருகே நான்மையும் வந்திருக்கும். முடிவுக்கு வந்த அமைப்பை இவ்வாறு அதன் மாற்றியங்களோடு ஒப்பிட்டு, அவை ஏன் பொருந்தவில்லை என்பதையும் எழுதிவைப்பதே விளக்கத்தை முழுமையாக்கும் என்பது என் உறுதியான கருத்து.

ஆல்கஹால்களில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. ஹைட்ராக்சில் (OH) புரோட்டான் மூலக்கூறுகளுக்கிடையே விரைந்து இடம் மாறுவதால், அதன் உச்சி பெரும்பாலும் பிளவின்றி அகன்று தெரியும். செறிவுக்கும் வெப்பநிலைக்கும் ஏற்ப இடமும் மாறும். ஐயம் எழுந்தால், மாதிரிக் குழாயில் ஓரிரு துளி கனநீரை (டியூட்டீரியம் கொண்ட நீரை) சேர்த்து நன்றாகக் குலுக்கி, நிறமாலையை மீண்டும் பதிவு செய்ய வேண்டும். ஹைட்ராக்சில் புரோட்டானின் இடத்தை டியூட்டீரியம் பிடித்துக்கொள்வதால், மறைந்துபோகும் உச்சி ஹைட்ராக்சிலுக்கு உரியது.